எங்கள் பெயரில் ஒரு கூப்பன் புத்தகம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், 1979ஆம் ஆண்டு உயர்தர வகுப்பு மாணவியர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



ஒவ்வொரு வகுப்பும் தன் காலத்து நினைவொன்றைப் பத்து நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும் என்று சங்கம் கேட்டது. விளையாட்டுப் போட்டி, நாடகம், கோணேசர் கோயிலுக்கு நடந்து போன வெள்ளிக்கிழமைகள், கோட்டை வாசலில் மான்களுக்குப் புல் கொடுத்தது என்று பலவற்றைப் பேசிப் பார்த்தோம். அவையெல்லாம் முன்னே பேசிய வகுப்புகளும் சொல்லக்கூடியவை. கடைசியில் எமது வகுப்புக்கே உரியதென்று நாங்கள் தேர்ந்தது கூப்பன் புத்தகத்தை. கூப்பனோடு படிப்பைத் தொடங்கி, கூப்பன் நின்று உணவு முத்திரை வந்த அதே ஆண்டில் படிப்பை முடித்தவர்கள் நாங்கள். 1966இல் பாலர் வகுப்பில் கால் வைத்தோம். அந்த ஆண்டு டிசம்பரில்தான் அரிசி இரண்டு கொத்திலிருந்து ஒரு கொத்தாயிற்று. 1979 செப்டெம்பரில் முத்திரை வந்தது. அந்தப் பதின்மூன்று ஆண்டுகளும் எமது பள்ளிக்காலம்.

இங்கே இருக்கும் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறோம். இரண்டாம் உலகப் போரில் 1942இல் பர்மா யப்பானியர் கையில் விழுந்ததும் அங்கிருந்து இலங்கைக்கு வந்த அரிசி நின்றது. அதே ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி எமது துறைமுகத்தின் மீதும் சீனக்குடாவின் மீதும் யப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. எமது அப்பம்மாமார் ஊரைவிட்டு ஓடிய கதை அதுதான். அந்தப் பஞ்சத்தில் தொடங்கிய பங்கீடு போர் முடிந்தும் நிற்கவில்லை. பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியதற்காக 1953 ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடே ஹர்த்தால் செய்தது, பிரதமர் பதவி விலக நேர்ந்தது. ஒரு கொத்து அரிசிக்கு அவ்வளவு பலம் இருந்தது.

கூப்பன் புத்தகம் வீட்டுக்கு ஒன்றல்ல, ஆளுக்கு ஒன்று. அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, எழுபது வயது அப்பம்மாவுக்கு ஒன்று, ஐந்து வயதுத் தங்கச்சிக்கும் ஒன்று. எமது ஊரிலே வீட்டு உறுதி பெண்பிள்ளையின் பெயருக்குத்தான் எழுதப்படும், ஆனால் அது கலியாணத்தின்போது. அதற்கு முன்னே, பிறப்புச் சான்றிதழை விட்டால், எங்கள் பெயர் எழுதப்பட்ட முதல் அரசாங்கக் காகிதம் அந்தப் புத்தகம்தான். தம்பியின் பங்கும் அக்காவின் பங்கும் ஒரே அளவு. “எனக்கும் ஒரு கொத்து இருக்குது” என்று அண்ணன்மாரோடு சண்டை பிடிக்கும்போது சொல்வோம். அது வேடிக்கைப் பேச்சல்ல, உண்மையான கணக்கு. ஒரு கொத்து இரண்டு இறாத்தல். வீட்டில் ஏழு பேர் என்றால் வாரம் பதினான்கு இறாத்தல் இலவச அரிசி. அதில் இரண்டு இறாத்தல் எங்கள் பெயரில் வந்தது.

சங்கக்கடைக்குப் போவது பிள்ளைகளின் வேலை. டொக்யாட் வீதிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கடை, மனையாவெளிப் பிள்ளைகளுக்கு வேறொன்று, உவர்மலைப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. எந்தக் கடையில் பதிந்திருக்கிறதோ அங்கேதான் போகலாம். அம்மா ஏழு புத்தகத்தையும் ஒரு துணியில் சுற்றி, அதற்குள் சில்லறையையும் முடிந்து, “துணியை அவிழ்க்காமல் மனேஜரின் கையிலே குடு” என்று சொல்லி அனுப்புவார். ஒரு கையில் பன்பை, மறு கையில் மண்ணெண்ணெய்ப் போத்தல். அரிசியின் மணம் மண்ணெண்ணெயில் படக்கூடாது, மண்ணெண்ணெய் அரிசியில் சிந்தக்கூடாது. திரும்பி வரும் வழியெல்லாம் இரண்டு கையையும் தூரத் தூரப் பிடித்துக்கொண்டு நடந்த நடை இன்னும் எங்கள் சிலருக்கு மாறவில்லை.

வரிசையில் எல்லாரும் நின்றார்கள். டொக்யாட்டில் வேலை செய்து பென்சன் எடுத்தவர்கள், மீன்பிடிக்கும் குடும்பத்துப் பெண்கள், கந்தோர்க் கிளாக்கரின் வீட்டு வேலைக்காரப் பிள்ளை, எமது ரீச்சர்மாரின் பிள்ளைகள். தமிழும் சிங்களமும் முஸ்லிம் வீட்டுப் பேச்சும் ஒரே வரிசையில் கேட்டன. வருமானவரி கட்டிய சிலருக்குப் பிற்காலத்தில் இலவசக் கொத்து இல்லாமல் போனது உண்மை. அப்படிப்பட்ட வீடு எமது வகுப்பில் ஒன்றோ இரண்டோதான். மற்றப்படி, கூப்பன் அரிசி வாங்குவது வெட்கப்படும் காரியம் என்று எங்களில் எவருக்கும் தோன்றியதில்லை. கல்லும் நெல்லும் கலந்த அந்த அரிசியை எல்லா அம்மாமாரும் சுளகில் போட்டுப் புடைத்தார்கள். மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் எல்லாப் பெட்டியிலும் அதே சோறு. கறிதான் வேறு.

கூப்பன் சேர்த்த கதையையும் சொல்ல வேண்டும். அக்காவுக்குக் கலியாணம் என்றால் பலகாரத்துக்குச் சீனி வேண்டும். பங்கீட்டுச் சீனி ஒரு வீட்டுக்குத் தேநீருக்கே காணாது. அப்போது ஒழுங்கையிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் பிள்ளைகளான நாங்கள்தான் தூது. “அம்மா கேட்டவ, இந்த வாரச் சீனிக் கூப்பன் தரலாமோ எண்டு.” ஒருவர் தருவார், இன்னொருவர் “அடுத்த கிழமை தாறன் பிள்ளை” என்பார். யார் தந்தார், எத்தனை தந்தார் என்பதை அப்பியாசக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்போம். அவர்கள் வீட்டில் நன்மையோ தின்மையோ வரும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும் அல்லவா. வட்டியில்லாத அந்தக் கணக்கு எமது அம்மாமாரிடமிருந்து நாங்கள் கற்றது. எங்களில் இருவர் பின்னாளில் வங்கியில் வேலை செய்தார்கள். அந்தக் கடைசிப் பக்கத்தில்தான் தாங்கள் கணக்குப் பதியத் தொடங்கியதாக இன்றும் சொல்வார்கள்.

பள்ளிக்கூடத்திலே சேர்த்தது வேறொரு முத்திரை. அது சேமிப்பு முத்திரை. அஞ்சல் அலுவலகச் சேமிப்பு வங்கி 1885ஆம் ஆண்டிலிருந்தே இருந்தது. 1972இல் அது தேசிய சேமிப்பு வங்கியோடு சேர்ந்தது. சில்லறைக் காசுக்கு ஒரு முத்திரை வாங்கி அட்டையில் ஒட்ட வேண்டும். அட்டை நிரம்பினால் தபாற்கந்தோரில் கொடுத்துப் புத்தகத்தில் பதியலாம். முத்திரையை நாக்கில் தடவினால் ரீச்சர் ஏசுவார், சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினாலும் ஏசுவார். ஐஸ்பழத்துக்குக் கிடைத்த காசா, முத்திரைக்குக் கிடைத்த காசா என்று மனசு இழுபடும். கூப்பன் புத்தகம் வாரா வாரம் மெலிந்துகொண்டு போனது, சேமிப்பு அட்டை மெல்ல மெல்லப் பருத்தது. இரண்டையும் ஒரே தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தோம்.

எமது லண்டன் தோழியர் சொல்வார்கள், அங்கேயும் ஒரு காலத்தில் பலசரக்குக் கடைகளில் முத்திரை கொடுத்தார்களாம். கிறீன் ஷீல்ட் என்ற பச்சை முத்திரை. 1958இல் தொடங்கியது. சாமான் வாங்கும்போது தரும் முத்திரைகளைப் புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்தால், பட்டியலைப் பார்த்து ஏதனமோ விளையாட்டுச் சாமானோ எடுக்கலாம். அவர்களுடைய வீட்டுக்கார ஆங்கிலேய அம்மையார்மார் அந்த நாளை ஆசையோடு நினைப்பார்களாம். கேட்க எங்களுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே கூடச் செலவழித்தவருக்குக் கூட முத்திரை. எங்கள் கூப்பனுக்கோ ஒருவர் ஆளாக இருந்தால் போதும், எவ்வளவு காசு வைத்திருக்கிறார் என்று கேட்கவில்லை. நாங்கள் சொல்ல வந்த விஷயம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

1973, 74ஆம் ஆண்டுகளை எமது வயதொத்த எவரும் மறக்க மாட்டார்கள். உலகம் முழுவதும் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏறின. இங்கே அரிசியும் மாவும் சீனியும் குறைந்தன. பாணுக்கு விடியுமுன்னே வரிசை. கந்தளாயிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் நெல் விளைந்தாலும் அரிசியை ஊர் விட்டு ஊர் கொண்டுவரத் தடை. பஸ்ஸை மறித்துப் பைகளைச் சோதித்தார்கள். மாமி வீட்டிலிருந்து வரும்போது கொஞ்ச அரிசியை உடுப்புக்குள் ஒளித்துக் கொண்டுவந்த கதைகள் எங்கள் ஒவ்வொருவரிடமும் உண்டு. வீட்டிலே மரவள்ளிக் கிழங்கு, குரக்கன் பிட்டு, சீனியில்லாத தேநீருக்கு ஒரு கடி பனங்கட்டி.

அப்போது நாங்கள் எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் இருந்தோம். மத்தியானத்தில் சிலர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே தண்ணீர்க் குழாயடிக்குப் போகத் தொடங்கினார்கள். அந்தப் பெட்டிகள் வெறும் பெட்டிகள் என்று தெரிய எங்களுக்குக் கொஞ்ச நாள் சென்றது. எமது வீட்டுவிஞ்ஞான ரீச்சர் அதற்கு முன்னரே கண்டிருந்தார். அவர் யாரையும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை பெரிய அலுமினியத் தட்டம் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். “இண்டைக்குக் கலவைச் சோறு. எல்லாரும் கொண்டுவந்ததை இதில போடுங்கோ. பெட்டியை நான்தான் திறப்பன்” என்றார்.

ஒவ்வொரு பெட்டியையும் தன் மார்போடு அணைத்தபடி திறந்து, தட்டத்தில் தட்டி, மூடிக் கொடுத்தார். எதில் சோறு இருந்தது, எதில் கிழங்கு இருந்தது, எதில் ஒன்றும் இல்லை என்பது அவருக்கு மட்டுமே தெரியும். வெறும் பெட்டியையும் அதே ஓசையோடு தட்டினார். பிறகு எல்லாவற்றையும் பிசைந்து உருண்டை பிடித்து ஆளுக்கு ஒன்று தந்தார். மீன்குழம்புச் சோறும் கீரையும் கிழங்கும் சம்பலும் கலந்த அந்த உருண்டையின் ருசியைச் சொல்ல முடியாது. அது சமையற்பாடம் என்றே நாங்கள் நம்பினோம். வாரத்தில் இரண்டு நாள் தொடங்கி, பின்னர் ஒவ்வொரு நாளும் நடந்தது. மரக்கறி மட்டும் சாப்பிடும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு சின்னத் தட்டம் இருந்தது. குழாயடிக்குப் போனவர்கள் மேசைக்கு வந்தார்கள்.

எமது வகுப்பு அந்த ரீச்சருக்குக் கடமைப்பட்டிருக்கிறது. அவர் இன்று எம்மோடு இல்லை. தன்னைப் புகழ்வதை விரும்பாதவர் என்பதால் பெயரைச் சொல்லாமல் விடுகிறோம். அறிந்தவர்கள் அறிவார்கள்.

1978ஆம் ஆண்டு சனவரியில் மாதம் 300 ரூபாவுக்குக் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு மட்டுமே கூப்பன் என்று ஆயிற்று. அடுத்த ஆண்டு செப்டெம்பரில் கூப்பன் நின்று உணவு முத்திரையும் மண்ணெண்ணெய் முத்திரையும் வந்தன. எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மாதம் 25 ரூபா, பன்னிரண்டு வரை 20 ரூபா, அதற்கு மேல் 15 ரூபா. நாட்டுச் சனத்தில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது கிடைத்தது. அரிசி விலை ஏற ஏற, முத்திரையில் அச்சடித்த எண் மட்டும் ஏறாமல் நின்றது. இல்லாதவர்க்கு மட்டும் கொடுத்தால் செலவு மிஞ்சும் என்பது அரசாங்கத்தின் நியாயம். அந்த நியாயத்தோடு வழக்காட நாங்கள் வரவில்லை. வகுப்பறையில் என்ன நடந்தது என்பதைத்தான் சொல்கிறோம்.

முந்திய மாதம்வரை ஒரே வரிசையில் நின்ற பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு பகுதி வரிசையில் நின்றது, மற்றப் பகுதி சைக்கிளில் கடந்து போனது. கடந்து போனவர்கள் ஒன்றும் சொல்லாவிட்டாலும், நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எங்களில் சிலர் இருட்டிய பிறகு கடைக்குப் போனோம். சிலர் தம்பிமாரை அனுப்பினோம். படித்து முடித்து ஆசிரியைகளான எமது தோழியர் 1980களில் தங்கள் மாணவிகளிடமும் இதையே கண்டார்கள். ஒரு பிள்ளை முத்திரைப் புத்தகத்தைச் சமயபாடப் புத்தகத்தின் உறைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். அதே பிள்ளை, 1980இல் அரசாங்கம் எல்லா மாணவருக்கும் இலவசமாகத் தந்த பாடநூலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். இரண்டும் அரசாங்கம் தந்தவைதாம். ஒன்று எல்லாருக்கும் வந்தது, மற்றது தேர்ந்தெடுத்தவர்க்கு வந்தது. 1993இல் எல்லாருக்கும் சீருடைத் துணி வந்தபோதும் எவரும் அதை ஒளித்து வைக்கவில்லை.

அதன் பின்னும் எத்தனையோ காகிதங்களைக் கண்டோம். 1985இலும் 1990இலும் இடம்பெயர்ந்தவர்களின் கையில் நிவாரண அட்டை. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கிய பிறகு ஒருவருக்கு வாரம் 375 ரூபாவுக்கான பங்கீடு. ஜனசவிய, சமுர்த்தி, 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் குறியீடு, 2023இல் அஸ்வெசும. முகாமில் எல்லாரும் இழந்தவர்களாக இருந்தபோது அட்டையைப் பிடிக்க எவரும் கூசவில்லை. ஊருக்குத் திரும்பி, சிலருக்கு வெளிநாட்டுக் காசு வரத் தொடங்கிய பிறகுதான் கூச்சமும் திரும்பி வந்தது. கொடுப்பது எவ்வளவு என்பதை விட, எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பதைத்தான் பிள்ளைகள் நெடுநாள் நினைவில் வைத்திருக்கிறார்கள். இது எமது வகுப்பின் அநுபவம்.

ஆகையால் இந்த நூற்றாண்டில் சங்கத்துக்கு எமது வகுப்பு ஒரு வேண்டுகோளை வைக்கிறது. கனடாவிலும் லண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் கொழும்பிலும் இருக்கும் தோழியர் சேர்ந்து ஒரு நிதி தரத் தயாராக இருக்கிறோம். அதை ஏற்பதானால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள் என்று கேட்கிறோம்.

முதலாவது, உதவி பெறும் பிள்ளையை மேடைக்கு அழைத்துப் பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டாம். படம் எடுக்கவும் வேண்டாம். பரிசு என்றால் மேடையில் கொடுங்கள், அது அவள் உழைத்துப் பெற்றது. அப்பியாசக் கொப்பியும் சப்பாத்தும் அவள் வீட்டுக்கு யாருக்கும் தெரியாமல் போய்ச் சேரட்டும். பணம் தந்த எங்களுக்குப் படம் தேவையில்லை, பொருளாளரின் கணக்கு அறிக்கை போதும்.

இரண்டாவது, உணவென்றால் வகுப்பு முழுவதற்கும் கொடுங்கள். வாரத்தில் ஐந்து நாளும் சிலருக்குக் கொடுப்பதிலும், காசு காணுமட்டும் இரண்டு நாள் எல்லாருக்கும் இலைக்கஞ்சி காய்ச்சுவது நல்லது. டாக்டரின் மகளும் கஞ்சி குடிக்கட்டும், அவளுக்கும் அது நல்லதுதான். மீதி மூன்று நாளுக்கான காசை நாங்கள் தேடித் தருகிறோம்.

மூன்றாவது, மாதவிடாய்க் காலத்துக்குத் தேவையானவற்றை ஓய்வறை அலுமாரியில் வைத்து, அதைப் பூட்டாமல் விடுங்கள். எடுத்தவர் பெயரை எழுதக் கொப்பி வைக்க வேண்டாம். சிலர் தேவைக்கு மேலும் எடுக்கலாம் என்று செயற்குழுவில் எவராவது சொல்லக்கூடும். எடுக்கட்டும். வீட்டில் அக்காவுக்கோ அம்மாவுக்கோ தேவையாக இருக்கலாம். அந்த நட்டத்தை எமது வகுப்பு பொறுப்பேற்கிறது.

பிள்ளைகளே, உங்களில் எவருக்காவது இன்று வீட்டில் அஸ்வெசும வருகிறது என்றால், அல்லது வர வேண்டியது வரவில்லை என்றால், ஒன்றைக் கேளுங்கள். இந்த மண்டபத்தில் டாக்டர்மாராகவும் அதிபர்களாகவும் கணக்காளர்களாகவும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களாகவும் இருக்கும் எமது வகுப்பினர் அனைவரும் வரிசையில் நின்று அரிசி வாங்கியவர்கள். எங்களில் பலர் முத்திரையிலும் வளர்ந்தவர்கள். அது எங்களுக்கு ஒரு குறையாக இருக்கவில்லை. உங்களுக்கும் இருக்க வேண்டியதில்லை.

எமது வகுப்பிலே ஒருவரிடம் மட்டும் அந்தக் கூப்பன் புத்தகம் இன்னும் இருக்கிறது. 1990இல் வீட்டை விட்டு ஓடும்போது உறுதியோடும் பிறப்புச் சான்றிதழோடும் சேர்த்து அவருடைய அம்மா அதையும் பைக்குள் வைத்தாராம். அதனால் இனி எதுவும் வாங்க முடியாது என்று அவருக்குத் தெரியும். “பிள்ளையின்ர பேர் இருக்குதே” என்றாராம். கல்லூரியின் நூற்றாண்டுக் காட்சி அறையில் வைப்பதற்காக அதை இன்று அதிபர் அவர்களிடம் ஒப்படைக்கிறோம். பக்கங்கள் நொய்ந்திருக்கின்றன, தொடுவதென்றால் மெதுவாகத் தொடுங்கள்.